ஸ்கூல் நெட் ஃபில்டர பசங்க எப்படி தாண்டுறாங்க, லேப் பாத்துக்கறவங்க என்ன பண்ணணும்: முழுமையான வழிகாட்டி

ஸ்கூல்ல ஃபில்டர் போட்டாச்சு, ஆனாலும் கடைசி வரிசைல ஒருத்தன் கேம் ஆடிட்டு தான் இருக்கான், இன்னொரு பக்கம் பயாலஜி மிஸ் வந்து "ப்ராஜெக்ட்டுக்கு நான் குடுத்த லிங்க் ஒண்ணு கூட ஓப்பன் ஆகலயே"ன்னு கேக்கறாங்க. லேப் பாத்துக்கற யாருக்கும் இந்த ரெண்டு கம்ப்ளெயின்ட்டும் பழகிப்போன விஷயம். தனித்தனி பிரச்சனை மாதிரி தான் தெரியும், ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணு தான்: தேவையில்லாததையும் சேத்து அடைச்சு வச்ச ஃபில்டர் தான் பசங்களுக்கு பைபாஸ் பண்ண கத்துக்குடுக்குது. ஹோம்வொர்க்குக்காக ப்ராக்ஸி (பிளாக் ஆன சைட்ட நமக்காக எடுத்து காட்டற வெளி சர்வர்) தேடி கண்டுபிடிச்சவன் மறுநாள் அதே ப்ராக்ஸில கேம் ஆடுவான், பக்கத்து சீட்டுக்கும் சொல்லிக்குடுப்பான். அதனால இந்த வழிகாட்டில ஓட்டைய அடைக்கறதுக்கு முன்னாடி வாசல சரி பண்றத பத்தி பேசப்போறோம், வரிசைய மாத்தாதீங்க.

மொதல்ல, ஃபில்டர் எத பாக்குதுன்னு தெரிஞ்சுக்கோங்க

ஒரு பையன் பிரவுசர்ல சைட் பேர அடிச்ச உடனே, "இந்த பேருக்கு ஐபி, அதாவது நம்பர் முகவரி, என்ன"ன்னு டிஎன்எஸ்ங்கற முகவரி சொல்ற சர்வர் கிட்ட ஒரு கேள்வி போகும், சாதாரணமா போர்ட் 53 வழியா, எந்த பூட்டும் இல்லாம. சின்ன ஸ்கூல்கள்ல இருக்கற ஃபில்டர் பெரும்பாலும் இங்க தான் உக்காந்திருக்கும், லிஸ்ட்ல இருக்கற பேருக்கு சரியான பதில் சொல்லாது, அவ்ளோ தான் அதோட வேலை. அடுத்தது, கனெக்‌ஷன் ஆரம்பிக்கும்போது பிரவுசர் சைட் பேர ஒரு தடவ வெளிப்படையா சொல்லும், அதுக்கு பேர் எஸ்என்ஐ, ஃபயர்வால் அத படிச்சு கட் பண்ணும். அதுக்கு மேல எந்த பக்கம் பாத்தாங்க, என்ன வார்த்தை தேடினாங்க எல்லாமே ஹெச்டிடிபிஎஸ் பூட்டுக்குள்ள. அத பாக்கணும்னா ஒண்ணு டிவைஸுக்குள்ளயே ஃபில்டர் இருக்கணும், இல்லன்னா நடுவுல அந்த பூட்ட திறக்கணும்.

இத வச்சு பாத்தா பசங்க பண்ற தில்லாலங்கடி எல்லாம் நாலு வகைல அடங்கிடும். டிஎன்எஸ் கேள்விய வேற யார்கிட்டயாவது போய் கேக்கறது. மொத்த டிராஃபிக்கையும் வெளில இருக்கற ஒரு சர்வர் வழியா சுத்தி அனுப்பறது, அதாவது விபிஎன், ப்ராக்ஸி. டிவைஸ்ல இருக்கற கட்டுப்பாட்டையே கழட்டறது. கடைசியா, உங்க நெட்ட தொடாமலே மொபைல் ஹாட்ஸ்பாட்ல போறது.

ஸ்டெப் 1: பிளாக் லாக எடுத்து உக்காருங்க

யாரும் இத பண்றதில்ல, எல்லாரும் நேரா விபிஎன் போர்ட்ட தேடி போயிடுறாங்க. கடந்த ரெண்டு வாரத்து பிளாக் லாக எடுங்க, டொமைன் வாரியா எத்தன தடவன்னு சார்ட் பண்ணுங்க, விளம்பரம் ட்ராக்கர் எல்லாம் தூக்கிப் போட்டுட்டு மேல இருக்கற ஐம்பத மட்டும் நிதானமா பாருங்க. ஒரே பீரியட்ல க்ளாஸ்ல இருக்கற அத்தன சிஸ்டத்துல இருந்தும் ஒரே சைட் பிளாக் ஆகிருந்தா, அது பெரும்பாலும் டீச்சர் போர்டுல எழுதிப்போட்ட லிங்க், ஒரு தடவ பாத்துட்டு திறந்து விடலாம். ஒரே ஒரு சிஸ்டத்துல இருந்து அரை நிமிஷத்துக்கு ஒண்ணா புதுசு புதுசா டொமைன், பேரெல்லாம் வாய்ல நுழையாத எழுத்துக்கூட்டம், வரிசையா பிளாக் ஆகிருந்தா ஒருத்தன் எங்கயோ கிடைச்ச ப்ராக்ஸி லிஸ்ட்ட வச்சு ஒவ்வொண்ணா தட்டி பாத்துட்டு இருக்கான்னு அர்த்தம். லாக படிக்க பழகிட்டா இந்த ரெண்டையும் பாத்த மாத்திரத்துல பிரிச்சிடலாம்.

ஃபில்டர் தப்பா அடைக்கறது இன்னிக்கு நேத்து கதை இல்ல. 1996ல ஏஓஎல்ங்கற அமெரிக்க இன்டர்நெட் கம்பெனியோட வார்த்தை ஃபில்டர், இங்கிலாந்துல ஸ்கன்தார்ப்ங்கற ஊர்க்காரங்கள அக்கவுண்ட் ஆரம்பிக்கவே விடல, ஏன்னா ஊர் பேருக்கு நடுவுல ஒரு கெட்ட வார்த்தை எழுத்துக்கு எழுத்து ஒளிஞ்சிருந்துச்சு. அதே வருஷம் பென்னெட் ஹாசல்டன்ங்கற இளைஞர் பீஸ்ஃபயர்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சு, பிளாக்கிங் சாஃப்ட்வேர்லாம் எந்தெந்த நல்ல சைட்ட அடைக்குதுன்னு வெளிச்சம் போட்டு காட்டினார், பைபாஸ் பண்ற வழியையும் கூடவே சொல்லிக்குடுத்தார். பிரிட்டன்ல ஸ்கூல்களுக்கான குழந்தைகள் பாதுகாப்பு வழிமுறைலயே, அளவுக்கு மீறி அடைச்சு பாடம் நடத்த முடியாம பண்ணிடாதீங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. மார்பக புற்றுநோய், பருவ மாற்றம், போதை மருந்து தடுப்பு, போர் வரலாறு, இதெல்லாம் வழக்கமா மாட்டிக்கற தலைப்பு.

அடுத்தது திறக்கச் சொல்லி கேக்க ஒரு வழி. பிளாக் ஆனா வர்ற பக்கத்துல வெறும் சிவப்பு எக்ஸ் போடாம, எந்த வகைல பிளாக் ஆச்சு, எதுக்கு வேணும்னு கேக்கற சின்ன ஃபார்ம் ஒண்ணு வைங்க: லிங்க், பாடம், பேர், மூணே கட்டம் போதும். பதில் அடுத்த க்ளாஸுக்கு முன்னாடி வரணும், ஒரு வாரம் கழிச்சு வர்ற அனுமதி யாருக்கும் பிரயோஜனம் இல்ல. டீச்சர் அக்கவுண்ட்டுக்கு தற்காலிகமா திறந்து விடற வசதி பல ஃபில்டர்ல இருக்கு, அத ஆன் பண்ணி குடுங்க, ஒவ்வொரு தடவையும் உங்கள தேடி ஓடி வர வேண்டியதில்ல. சின்ன க்ளாஸுக்கும் பெரிய க்ளாஸுக்கும் ஒரே பாலிசி வைக்காதீங்க, பதினாறு வயசு பொண்ணுக்கும் ஏழு வயசு குழந்தைக்கும் ஒரே சட்டை தச்சா யாருக்கும் பொருந்தாது.

ஸ்டெப் 2: டிஎன்எஸ்ஸ கைக்குள்ள கொண்டு வாங்க

காசு இல்லாத ஸ்கூல் கூட இத பண்ணலாம். ரவுட்டர்ல ஃபேமிலி டிஎன்எஸ் போடுங்க, கிளவுட்ஃப்ளேர் 2020ல விட்ட 1.1.1.3 மால்வேர், ஆபாசம் ரெண்டையும் தடுக்கும், ஓப்பன்டிஎன்எஸ்ஸோட ஃபேமிலிஷீல்ட் 208.67.222.123. ரெண்டுல ஒண்ணு போதும். ஆனா பாதி பேர் இதோட நிறுத்திடறாங்க, பையன் சிஸ்டத்துல நெட்வொர்க் செட்டிங்க்ஸ் போய் டிஎன்எஸ்ஸ 8.8.8.8னு மாத்தினா கதை முடிஞ்சுது. அதனால ஃபயர்வால்ல போர்ட் 53ல வெளில போற எல்லாத்தையும் உங்க டிஎன்எஸ்ஸுக்கே திருப்பி விடுங்க, இல்ல மத்ததெல்லாம் தடுத்திடுங்க, யூடிபி டிசிபி ரெண்டுலயும். டிஎன்எஸ் கேள்விய பூட்டி அனுப்பற டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் போற போர்ட் 853, அதையும் மூடுங்க.

தலைவலி டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் (சுருக்கமா டிஓஹெச்) தான். 2018ல ஆர்எஃப்சி 8484ங்கற இன்டர்நெட் தரநிலையா வந்துச்சு, கேள்வி போர்ட் 443 வழியா சாதாரண வெப்சைட் டிராஃபிக் மாதிரியே போகும், போர்ட்ட மட்டும் வச்சு பிரிச்சு பாக்க முடியாது. இதுக்கு மூணு வேலை சேத்து பண்ணணும். பிரபலமான டிஓஹெச் சர்வர் பேர்களோட லிஸ்ட்ட ஃபில்டர்ல பிளாக் பண்ணுங்க. உங்க டிஎன்எஸ்ல (பேருக்கு நீங்களே பதில் எழுதி வைக்க முடியற ரவுட்டரோ லேப் சர்வரோ) யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ் டாட் நெட்ங்கற பேருக்கு "அப்படி ஒண்ணு இல்ல"ன்னு பதில் வர மாதிரி வைங்க, அத பாத்துட்டு ஃபயர்ஃபாக்ஸ் தானா ஆன் ஆகற டிஓஹெச்ச நிறுத்திக்கும், ஆனா பையன் கையால ஆன் பண்ணியிருந்தா இத சட்டையே பண்ணாது. அதனால ஸ்கூல் சிஸ்டம்ல எல்லாம் பாலிசி, அதாவது அட்மின் மட்டும் மாத்தற செட்டிங், வழியாவே பூட்டணும், குரோம்ல டிஎன்எஸ் ஓவர் ஹெச்டிடிபிஎஸ் மோட் பாலிசிய ஆஃப்னு வைங்க, ஃபயர்ஃபாக்ஸ்லயும் அதே மாதிரி பாலிசி இருக்கு, லாக் பண்ற ஆப்ஷனோட.

ஆப்பிள் டிவைஸ் இருந்தா, சஃபாரி டிராஃபிக்க மறைச்சு வேற சர்வர் வழியா அனுப்பற ஐக்ளவுட் பிரைவேட் ரிலேயையும் கவனிக்கணும். மாஸ்க் டாட் ஐக்ளவுட் டாட் காம், மாஸ்க்-ஹெச்2 டாட் ஐக்ளவுட் டாட் காம், இந்த ரெண்டு பேருக்கும் "இல்ல"ன்னு தெளிவா பதில் குடுங்க, பதிலே குடுக்காம விட்டுட்டா பேஜ் லோட் ஆகாம சுத்திட்டே இருக்கும், பழி உங்க வைஃபை மேல விழும்.

எஸ்என்ஐய மறைக்கற ஈசிஹெச் 2023ல குரோம், ஃபயர்ஃபாக்ஸ்ல வந்தாச்சு. அதுக்கு வேண்டிய கீ டிஎன்எஸ் பதில்ல தான் வரும், அதனால டிஎன்எஸ் உங்க கைல இருந்தா இதுவும் பெரும்பாலும் கட்டுக்குள்ள இருக்கும். இந்த ஸ்டெப்ப இவ்ளோ நீட்டி முழக்கறதுக்கு காரணமே அது தான்.

போற போக்குல சர்ச்சையும் பூட்டிடுங்க. உங்க டிஎன்எஸ்ல கூகுள் சர்ச் பேர ஃபோர்ஸ்சேஃப்சர்ச் டாட் கூகுள் டாட் காமுக்கும், பிங்க ஸ்ட்ரிக்ட் டாட் பிங் டாட் காமுக்கும், டக்டக்கோவ சேஃப் டாட் டக்டக்கோ டாட் காமுக்கும் திருப்பினா, உங்க டிஎன்எஸ் வழியா போற யாராலயும் சேஃப் சர்ச்ச அணைக்க முடியாது. யூட்யூப்புக்கு ரெஸ்ட்ரிக்ட், ரெஸ்ட்ரிக்ட்மாடரேட்னு ரெண்டு அளவு இருக்கு, ரெண்டாவது தான் மிதமானது, அதுல ஆரம்பிங்க, கடுமையான முதலாவத போட்டா பாட வீடியோவும் நிறைய காணாம போகலாம்.

ஸ்டெப் 3: சிஸ்டத்துல பூட்டு

பசங்களுக்கு அட்மின் அக்கவுண்ட் குடுக்கவே கூடாது. இது சொல்லணுமான்னு தோணும், ஆனா ஏதோ ஒரு சாஃப்ட்வேர் ஓடலன்னு குடுத்த அட்மின் உரிமைய திரும்ப எடுக்க மறந்த லேப் ஏராளம். ஸ்டாண்டர்ட் யூசரா இருந்தா டிஎன்எஸ் மாத்த முடியாது, விபிஎன் டிரைவர் ஏத்த முடியாது.

ஆனா இன்ஸ்டால் பண்ணாமலே ஓடற போர்ட்டபிள் பிரவுசர், தடைய தாண்ட உதவற டார் பிரவுசர், சைஃபான் எல்லாம் பென்டிரைவ்ல வரும். விண்டோஸ்ல எந்த புரோகிராம் ஓடலாம்னு கட்டுப்படுத்தற ஆப்லாக்கர் வச்சு புரோகிராம் ஃபைல்ஸ், விண்டோஸ் ஃபோல்டர் ரெண்டுல இருந்து மட்டும் ஓடலாம்னு ரூல் போட்டா டவுன்லோட்ஸ், யூஎஸ்பில இருந்து எதுவும் கிளம்பாது. நேரா எல்லாருக்கும் அமல்படுத்தாதீங்க, மொதல்ல ஆடிட் மோட்ல (தடுக்காம லாக்ல மட்டும் எழுதும்) ஓட விட்டு எந்த பாட சாஃப்ட்வேர் அடிபடுதுன்னு பாத்துட்டு அப்புறம் பூட்டுங்க. பயாஸுக்கு (சிஸ்டம் ஸ்டார்ட் ஆகறப்போ வர்ற செட்டிங்) பாஸ்வேர்ட் போட்டு, யூஎஸ்பில இருந்து சிஸ்டம் ஸ்டார்ட் ஆகறத அணைச்சிடுங்க, இல்லன்னா பென்டிரைவ்லயே ஓடற லைவ் லினக்ஸ் ஒண்ண சொருகி உங்க பாலிசி மொத்தத்தையும் தாண்டி போயிடுவான்.

குரோம்புக் வச்சிருக்கற ஸ்கூல்னா ஃபோர்ஸ்டு ரீ-என்ரோல்மெண்ட் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அப்ப தான் ரீசெட் அடிச்சாலும் திரும்ப ஸ்கூல் கைக்கு வரும். 2023 ஜனவரில ஷிம்மர்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, ரிப்பேர் பண்றவங்களுக்கான ஃபைல் லீக்காகி, அத வச்சு டிவைஸ ஸ்கூல் நிர்வாகத்துல இருந்தே கழட்ட முடிஞ்சுது. இந்த மாதிரி விஷயம் நெட்வொர்க் லாக்ல தெரியாது. அட்மின் கன்சோல்ல ரொம்ப நாளா சிங்க் ஆகாத டிவைஸ் எதுன்னு பாருங்க, பையன் தினமும் ஸ்கூலுக்கு கொண்டு வர்றான், ஆனா கன்சோல்ல மூணு வாரமா ஆளையே காணோம்னா அங்க ஏதோ இருக்கு.

ஸ்டெப் 4: பிரவுசர்

எக்ஸ்டென்ஷன தேடித்தேடி பிளாக் பண்ணாதீங்க, விபிஎன் எக்ஸ்டென்ஷன் தினம் ஒண்ணு முளைக்கும். எல்லாத்தையும் தடுத்துட்டு தேவையானத மட்டும் அனுமதிங்க, பிளாக்லிஸ்ட்ல ஒரு ஸ்டார் போட்டா போதும். இன்காக்னிட்டோ, டெவலப்பர் மோட், கெஸ்ட் லாகின் மூணையும் அணைங்க. புக்மார்க்ல ஜாவாஸ்கிரிப்ட் எழுதி ஓட்டற வித்தைக்கு யூஆர்எல் பிளாக்லிஸ்ட்ல ஜாவாஸ்கிரிப்ட் ஸ்கீம சேருங்க. ஆனா புரோகிராமிங் சொல்லிக்குடுக்கற க்ளாஸுக்கு டெவலப்பர் டூல்ஸ் வேணும், அந்த க்ரூப்புக்கு தனி பாலிசி வைங்க.

ஸ்டெப் 5: விபிஎன்

தெரிஞ்ச போர்ட்ட எல்லாம் மூடுங்க: ஓப்பன்விபிஎன் 1194, வயர்கார்ட் 51820, ஐபிசெக் 500, 4500, பழைய பிபிடிபி 1723. இது முதல் சல்லடை தான், விபிஎன் ஆப் பலதும் போர்ட் 443க்கு மாறி ஓடிடும். அதுக்கு மேல நல்ல ஃபயர்வாலோட அப்ளிகேஷன் கன்ட்ரோல் வேணும், டிராஃபிக்கோட நடத்தைய வச்சு கண்டுபிடிக்கும். யூடிபி 443ஐயும் மூடிப் பாருங்க, பிரவுசர் வேகத்துக்காக பயன்படுத்தற க்விக் புரோட்டோகால் அதுல தான் போகுது, பல ஃபில்டருக்கு அத படிக்க வராது, மூடினா பிரவுசர் சத்தம் போடாம டிசிபிக்கு மாறிக்கும். ஒரே ஐபிக்கு பீரியட் முழுக்க ஒரே கனெக்‌ஷன், அந்த சிஸ்டத்துல இருந்து வேற டிஎன்எஸ் கேள்வியே இல்லன்னா அங்க பெரும்பாலும் விபிஎன் ஓடுது.

பசங்ககிட்ட விபிஎன் கூடாதுன்னு மட்டும் சொன்னா எடுபடாது, ஏன்னு சொல்லுங்க, அதுவும் நிஜ உதாரணத்தோட. ஹோலாங்கற ஃப்ரீ விபிஎன் அத போட்டவங்களோட கனெக்‌ஷனயே வேற ஆளுங்களுக்கு விக்குதுன்னு 2015ல வெளிய வந்துச்சு, அதாவது முகம் தெரியாத ஒருத்தன் பண்ற வேலை உங்க ஐபி பேர்ல நடக்கும். ஃபேஸ்புக் 2013ல வாங்கின ஒனாவோ விபிஎன், யூஸர் எந்தெந்த ஆப் பயன்படுத்தறாங்கன்னு டேட்டா எடுத்ததால 2018ல ஆப் ஸ்டோர்ல இருந்து வெளியேற வேண்டி வந்துச்சு. ஃபில்டர்கிட்ட இருந்து மறைக்கறோம்னு நினைச்சு மொத்த டிராஃபிக்கையும் யாரோ ஒருத்தர் கைல தூக்கி குடுக்கறோம்ங்கறது பெரிய க்ளாஸ் பசங்களுக்கு நல்லாவே புரியும், பயமுறுத்தாம சொன்னா கேட்டுக்குவாங்க.

ஸ்டெப் 6: வெப் ப்ராக்ஸி, கேம் சைட்

இதுல நூறு சதவீதம் ஜெயிக்கவே முடியாது, அத ஏத்துக்கிட்டு ஆரம்பிங்க. ஒரு டொமைன அடைச்சா சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு வரும். ஒவ்வொண்ணா துரத்தாம, புதுசா ரெஜிஸ்டர் ஆன டொமைன், ப்ராக்ஸி, வகைப்படுத்தாத சைட்ங்கற மூணு கேட்டகரியையும் பசங்க க்ரூப்புக்கு பிளாக் பண்ணுங்க. மூணாவதுல நல்ல சின்ன சைட்டும் மாட்டும், ஸ்டெப் 1ல வச்ச ஃபார்ம் வேகமா வேலை செஞ்சா மட்டும் இத போடுங்க.

கேம் எல்லாம் கூகுள் சைட்ஸ், கிட்ஹப் பேஜஸ் மாதிரி நல்ல பேர் இருக்கற இடத்துலயே ஒளிஞ்சிருக்கும். மொத்த டொமைனையும் அடைச்சா பாடமும் போயிடும், அதனால டிவைஸ்ல பாலிசி வழியா குறிப்பிட்ட யூஆர்எல் பாதைய மட்டும் தடுங்க. கூகுள் டிரான்ஸ்லேட்ல லிங்க்க போட்டு பிளாக் ஆன பக்கத்த பாக்கற பழைய வித்தை இன்னும் ஓடுது. அந்த பக்கமெல்லாம் டிரான்ஸ்லேட் டாட் கூக்ங்கற டொமைன்ல வரும், அத தனியா தடுத்தா மொழிபெயர்ப்பு வேலை செய்யும், ஓட்டை மட்டும் அடையும்.

ஸ்டெப் 7: ஹாட்ஸ்பாட்

பையனோட சொந்த ஃபோன், சொந்த டேட்டா. உங்க ஃபயர்வாலால ஒண்ணும் பண்ண முடியாது, ஜாமர் அது இதுன்னு யோசிக்கவே வேணாம், பல நாட்டுல அது சட்டப்படி குத்தம். ஸ்கூல் டிவைஸ் ஸ்கூல் வைஃபைல மட்டும் சேரணும்னு பாலிசி போடலாம், ஆனா வீட்டுக்கு எடுத்துட்டு போற டிவைஸுக்கு இது சரிவராது, அதுக்கு டிவைஸ்லயே ஓடற ஃபில்டர் வைங்க. மேக் அட்ரஸ (ஒவ்வொரு டிவைஸோட வைஃபை அடையாள எண்) வச்சு சொந்த ஃபோன தடுக்கலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14ல இருந்தே நெட்வொர்க்குக்கு ஒரு மேக் அட்ரஸ்னு மாத்தி காட்டுது.

ஸ்டெப் 8: ஹெச்டிடிபிஎஸ்ஸ உடைச்சு பாக்கணுமா?

சேல்ஸ் ஆளுங்க கண்டிப்பா வேணும்பாங்க. ஒவ்வொரு டிவைஸ்லயும் ஸ்கூலோட ரூட் சர்டிஃபிகேட்ட (ஸ்கூல் போடற பூட்ட நம்புன்னு டிவைஸுக்கு சொல்ற ஃபைல்) ஏத்தி, நடுவுல பூட்ட திறந்து படிச்சுட்டு திரும்ப பூட்டி அனுப்பற முறை இது. என் கருத்து, ஸ்கூலுக்கு சொந்தமான டிவைஸ்ல மட்டும், பெற்றோர்கிட்ட எழுத்துல சொல்லிட்டு, பேங்க், மருத்துவம், மனநல உதவி சைட்டெல்லாம் விலக்கி வச்சு பண்ணலாம். பசங்களோட சொந்த ஃபோன்ல சர்டிஃபிகேட் ஏத்தச் சொல்றது ரொம்ப தப்பு, அது போக ஆண்ட்ராய்ட் 7ல இருந்து யூஸர் ஏத்தின சர்டிஃபிகேட்ட ஆப்கள் சாதாரணமா நம்பறதும் இல்ல, ஆப் எல்லாம் உடைஞ்சு கம்ப்ளெயின்ட் தான் குவியும். சின்ன ஸ்கூல்னா இத விட்டுடுங்க, ஸ்டெப் 2, 3, 4 போதும்.

ஸ்டெப் 9: பிடிபட்டா என்ன பண்றது

மொதல்ல என்ன பாத்தான்னு பாருங்க, எப்படி தாண்டினாங்கறது அப்புறம். பாடத்துக்கான சைட்னா லிஸ்ட்ட திருத்துங்க, தண்டனை வேணாம். கேம்னா க்ளாஸ் டீச்சர் பாத்துக்கட்டும், அது சைபர் க்ரைம் இல்ல. அடுத்தவங்க பாஸ்வேர்ட எடுத்திருந்தா, சிஸ்டத்த உடைச்சிருந்தா, அது வேற கணக்கு, எழுத்துல இருக்கற விதிப்படி போங்க. தன்ன காயப்படுத்திக்கறது, வீட்டுல அடி உதை, இந்த மாதிரி தேடல் லாக்ல கண்ணுல பட்டா ஒழுங்கு நடவடிக்கை பக்கமே கொண்டு போகாதீங்க, அன்னிக்கே கவுன்சலர் கிட்டயோ குழந்தைகள் பாதுகாப்புக்கு பொறுப்பானவங்க கிட்டயோ மட்டும் சொல்லுங்க, ஸ்டாஃப் ரூம்ல பேசாதீங்க. உதவி சைட் ஏதாவது பிளாக் ஆகிருக்கான்னும் அப்பவே பாருங்க.

லாக யார் பாக்கலாம், எத்தன நாள் வச்சிருப்பீங்கன்னு முன்னாடியே எழுதி வைங்க, பேரோட இருக்கற லாக் எல்லா ஸ்டாஃபுக்கும் திறந்து கிடக்கக் கூடாது.

தாண்டற வழிய தானா வந்து சொல்ற பையன் ஒருத்தன் எல்லா ஸ்கூல்லயும் இருப்பான். அவன திட்டி அனுப்பிட்டா அடுத்த ஓட்டைய உங்களுக்கு சொல்ல மாட்டான். கூப்பிட்டு உக்கார வச்சு கேளுங்க, டெஸ்டிங்ல சேத்துக்கோங்க.

ஸ்டெப் 10: டெஸ்ட்

மாணவர் லாகின்ல, மாணவர் சிஸ்டத்துல உக்காருங்க, உங்க லேப்டாப்ல பாத்துட்டு சரியா இருக்குன்னு சொல்லாதீங்க. குரோம் கோலன் ஸ்லாஷ் ஸ்லாஷ் பாலிசின்னு அட்ரஸ் பார்ல அடிச்சு, நீங்க வச்ச பாலிசி எல்லாம் எரர் இல்லாம இறங்கியிருக்கான்னு பாருங்க. டிஎன்எஸ்ஸ கையால மாத்திப் பாருங்க, டிஓஹெச் ஆன் பண்ணிப் பாருங்க, பென்டிரைவ்ல இருந்து ஒரு பிரவுசர ஓட்டிப் பாருங்க, ஒரு விபிஎன் எக்ஸ்டென்ஷன் போட்டுப் பாருங்க. அதோட நிக்காம பாடத்துக்கு வேண்டிய பத்து லிங்க்க வேற வேற சப்ஜெக்ட் டீச்சர்கிட்ட வாங்கி அதே சிஸ்டத்துல திறந்து பாருங்க, இதுல ஒண்ணு ஃபெயில் ஆனாலும் மொத்த டெஸ்ட்டும் ஃபெயில்னு வச்சுக்கோங்க. டெர்ம் ஆரம்பத்துல ஒரு தடவ, அப்புறம் பிரவுசர் பெரிய அப்டேட் வாங்கும்போதெல்லாம் ஒரு தடவ, ஏன்னா நீங்க அணைச்சு வச்ச ஒரு வசதி அப்டேட்டுக்கு அப்புறம் வேற பேர்ல திரும்ப வந்திருக்கலாம்.